மேகத்தில் இடித்த வெண்டைக்காய்

கடைசியில் உங்களைச் சிரிக்க வைக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் யாரும் சிரித்துவிடாதீர்கள். சிரித்தால் எங்கள் மொட்டைமாடி போய்விடும்.

மதுரையில் எங்கள் குடியிருப்பில் சிலம்பம் சுற்ற மொட்டைமாடியை விட்டால் இடமில்லை. கீழே சுற்றினால் டியூப்லைட் உடையும், இல்லாவிட்டால் யாராவது ஒரு அங்கிளின் மண்டை. மாவட்டப் போட்டி அடுத்த வாரம். இந்த நேரம் பார்த்து எங்கள் சங்கச் செயலாளர் மகாலிங்கம் சார் ஏதோ கண்காட்சிக்குப் போய், அலமாரி மாதிரி அடுக்கடுக்காகக் கீரை வளர்ப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மாடி முழுக்க இரும்பு அடுக்கு போட ஞாயிறு பத்து மணிக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருகிறார். தீர்மானம் கொண்டுவருகிறவர் கூட்டத்தில் இல்லையென்றால் அது அடுத்த வருஷத்துக்குப் போய்விடும். அந்த விதியைப் போட்டதும் சாரேதான்.

ஞாயிறு காலை சார் எதிர் சலூனில் ஷேவிங்குக்கு உட்கார்ந்திருந்தார். சலூன் செல்லப்பாண்டி அண்ணனுக்கு ஒரு பழக்கம்: யாராவது சிரிப்புக் கதை ஆரம்பித்தால், சிரித்து முடிக்கும்வரை கத்தியைத் தொடமாட்டார். முன்பு நடுவில் சிரித்து, நாளைக்குத் தாலி கட்டப்போகிற மாப்பிள்ளையின் பாதி மீசையை வழித்துவிட்டாராம்.

சாருக்கு வலது கன்னம் முடிந்து இடது கன்னத்தில் நுரை நின்றபோது நான் உள்ளே நுழைந்தேன்.

"அண்ணே, ஒட்டன்சத்திரத்துல எங்க மாமா பண்ற கூத்தைச் சொல்லட்டுமா? வயிறு வலிக்கச் சிரிப்பீங்க."

கத்தி கீழே போய்விட்டது.

"யோவ், எனக்குக் கூட்டம் இருக்குய்யா," என்றார் சார்.

"சிரிப்பு வரப்போகுதுன்னு தெரிஞ்சும் கழுத்துல கத்தி வைக்கச் சொல்றீங்களா சார்? நீ சுருக்கா சொல்லு தம்பி."

"மாமாவும் நம்ம சார் மாதிரிதான் அண்ணே. அடுக்கு விவசாயம்."

கண்ணாடிக்குள் சாரின் புருவம் ஏறியது. "எத்தனை அடுக்குடா?"

"முதல்ல ஏழுதான் சார். நிலம் ஒரு கட்டில் அளவு. அடியில சேனை, அதுக்கு மேல வெங்காயம், தக்காளி, கத்தரி, இப்படிப் போய் உச்சியில முருங்கை. மேலேயிருந்து ஒரு உலுக்கு உலுக்கினா கீழே சட்டியில சாம்பாருக்கு எல்லாம் வெட்டுப்பட்டு விழும்."

"அடி அடுக்குக்கு வெயில் எப்படிடா இறங்கும்?"

"சித்தாளுங்க வரிசையா நின்னு சிமென்ட் சட்டியைக் கைமாத்துவாங்கல்ல சார்? அதே மாதிரி அடுக்குக்கு ஒரு சூரியகாந்தி. மேல உள்ளது வெயிலை வாங்கிக் கீழ உள்ளதுக்குத் தள்ளிவிடும். பழக்கிட்டாரு."

அண்ணன் வாயைப் பொத்தினார். "சிரிப்பு இதுதானா தம்பி?"

"இல்லண்ணே, இன்னும் வரல."

சாரின் சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் வீட்டம்மா. "இரு, ஒரு முக்கியமான விவசாய விஷயம் ஓடிட்டிருக்கு," என்று சார் வைத்துவிட்டார். நான் அடுக்கை ஏற்றினேன்.

"இப்ப அறுபது அடுக்கு சார். நாத்து நட மேல போறவன் இறங்கி வர்றதுக்குள்ள அறுவடை. அடியில சித்திரை வெயில், பனியனோட நிப்பாங்க. நாப்பதுல ஊட்டிக் குளிரு, கேரட்டும் முட்டைக்கோசும். ஏறுறவன் பாதியில ஸ்வெட்டர் மாட்டிக்குவான். நடுவுல ஒரு டீக்கடை வேற."

"மேல ஊத்துற தண்ணி அங்கேயே நிக்குதா?"

"அதான் சார் சிக்கல். மேல காய்ஞ்சிடும், கீழ வெள்ளம். அதிகாரி வந்தாரு." வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிய குரலுக்கு மாறினேன். "'ஏம்ப்பா, உச்சி வறட்சி, அடி வெள்ளம். நீ ரெண்டு நிவாரணத்துக்கும் தகுதி. ஆனா ரெண்டையும் ஒரே கையால வாங்கக் கூடாது.' மாமா வறட்சிய வலது கையிலயும் வெள்ளத்த இடது கையிலயும் வாங்கினாரு."

"முறையான அதிகாரி," என்றார் சார். சத்தியமாக அப்படித்தான் சொன்னார்.

"அப்புறம் மந்திரி திறப்புவிழாவுக்கு வந்தாரு. அடுக்குக்கு ஒரு ரிப்பன், ஒரு கல்வெட்டு, ஒரு சொற்பொழிவு. முப்பதாவது அடுக்கு ஏறும்போது அவர் கட்சி மாறிட்டாரு. இருபத்தொன்பது கல்வெட்டையும் பேத்துட்டு முதல்லேருந்து வெட்டினாங்க."

செல்லப்பாண்டி அண்ணனின் தோள் குலுங்கியது. சார் குலுங்கவில்லை. "அடுக்குக்கு அடுக்கு எவ்வளவு இடைவெளி விடுறார்? மாமா நம்பர் குடு. கூட்டத்துல அவரையே பேசவைக்கிறேன்."

இந்த மனிதரை என்ன செய்வது சொல்லுங்கள். நான் நேராக வானத்துக்கே போய்விட்டேன்.

"நம்பர் எடுக்காது சார், மேகத்துக்கு மேல டவர் இல்ல. வெண்டைச் செடி வளர்ந்து காய் நுனி மேகத்துல குத்திடுச்சு. மேகம் நகர முடியாம நிக்குது. திண்டுக்கல்லுக்குப் போகவேண்டிய மழையை மாமா வாளி கட்டி இறைக்கிறாரு."

தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை மைக் மாதிரி பிடித்து மூக்கால் பேசினேன். "'பயணிகள் கவனத்திற்கு. விமானம் இப்போது முருங்கை அடுக்கைக் கடக்கிறது. இடப்பக்கம் உள்ளவர்கள் கையை நீட்டிக் காய் பறிக்க வேண்டாம். போன தடவை பறித்தவரைக் கீழே இறக்கிக் களை எடுக்கவிட்டார்கள்.'"

"விமானத்துல ஜன்னல் திறக்காதேடா," என்றார் சார். அப்பாடா, ஒரு சந்தேகம்.

"அதுக்கும் மாமா மனு எழுதிப் போட்டிருக்காரு சார்."

"சரி, சிரிப்பு எங்கே?"

"வருது சார், வாசல் பக்கம் பாருங்க."

கண்ணாடியில் எங்கள் குடியிருப்பு வாசல் தெரிந்தது. நாலாவது மாடி ஆன்ட்டி கூட்டத்துக்குக் கொண்டுபோன பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் சங்கத் தலைவர், மிக்சர் பொட்டலத்தின் அடியைத் துழாவிக்கொண்டே வந்தார்.

சார் நாற்காலியைப் பார்த்தார். காய்ந்து பொருக்குத் தட்டிய தன் இடது கன்னத்தைப் பார்த்தார். பிறகு என்னை.

"டேய் குமரகுரு," என்றார் மெதுவாக. "உனக்கு ஒட்டன்சத்திரத்துல மாமா இருக்காரா?"

"எங்கம்மா ஒத்தப் பிள்ளை சார்."

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கத்தியை எடுத்தார்.

"இப்ப இந்தப் பக்கம் திரும்புங்க சார்."