இலவ மரத்தில் கூடிய கூட்டம்

வேங்கைக் காட்டில் செங்கொண்டை என்றொரு மரங்கொத்தி இருந்தான். பறவைகளுக்குப் பொந்து வெட்டித் தருவது அவன் தொழில். முதலில் மரத்தை மூன்று முறை தட்டுவான். காதை வைத்துக் கேட்பான். ‘டொக்’ என்று அடங்கிய சத்தம் வந்தால் அது குடியிருக்கத் தகுந்த மரம். ‘டொம்’ என்று அதிர்ந்தால் உள்ளே உளுத்துப் போன மரம். அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்கமாட்டான்.

ஒரு பொந்துக்கு ஒன்பது நாள். வெட்டி முடித்தால் ஒரு சொட்டு மழை உள்ளே இறங்காது. குடி வந்தவர்கள் தங்கள் மரத்துப் புழுக்களை மழைக்காலம் முழுவதும் அவனுக்கே விட்டுவிட வேண்டும். அதுதான் கூலி.

வேலை சுத்தம். ஆனால் காட்டில் பாதிப் பேருக்கு அவனைத் தெரியாது. உழைக்கிறவனைத் தெரிந்துகொள்ள யாருக்கு நேரம் இருக்கிறது?

அந்த வருடம் மழைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. கையில் இருந்ததோ ஒரே ஒரு வேலை. ஓடைக்கரை மருத மரத்தில் மஞ்சமூக்கி என்ற மைனாவுக்கு ஒரு பொந்து. இன்னும் இரண்டு மூன்று குடியாவது கிடைக்காவிட்டால் மழைக்காலத்தில் பட்டினிதான். இல்லையென்றால் மலைக்கு மேலே அண்ணன் வீட்டில் போய் ஒண்ட வேண்டும். அண்ணியின் வாய்க்குப் பட்டினியே மேல்!

பொந்தைப் பாதி குடைந்திருந்தபோது ஓர் ஓணான் மரமேறி வந்தான்.

“என்னண்ணே, இப்படி மூலையில உட்கார்ந்து கொத்திக்கிட்டே இருந்தா உங்க அருமை யாருக்குத் தெரியும்?”

“பொந்துல இருக்கிறவங்களுக்குத் தெரியும், தம்பி.”

“அவங்க நாலு பேரு! நாலாயிரம் பேருக்குத் தெரிய வேண்டாமா? விஷயத்தைக் கிளிங்க காதுல போடுங்கண்ணே. ஒரு கிளி சொன்னா ஒரு மரம் கேக்கும். கிளிக்கூட்டமே சொன்னா ஏழு மலை கேக்கும்!”

செங்கொண்டைக்கு ஆசை வந்தது. கிளிகள் கூடும் அத்தி மரத்துக்குப் பறந்து போனான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூவினான்.

“உறுதியான பொந்து! ஒழுகாத பொந்து! ஒன்பதே நாளில் பொந்து!”

ஒரு கிளி கொட்டாவி விட்டது. “இதுல சிரிக்க என்ன இருக்கு?” என்றது.

“அழவாவது ஏதாச்சும் இருக்கா?” என்றது இன்னொரு கிளி.

ஒன்றுகூடத் திருப்பிச் சொல்லவில்லை. செங்கொண்டை முகம் தொங்கிப் போனான்.

“கவலைப்படாதீங்கண்ணே!” என்று ஓணான் அவனை மேட்டுக்கு அழைத்துப் போனான். அங்கே பட்டுப்போன இலவ மரம் ஒன்று நின்றது. “இதைத் தட்டுங்க.”

“தம்பி, இது உளுத்த மரம்.”

“குடியிருக்கவா சொன்னேன்? தட்டத்தானே சொன்னேன்!”

செங்கொண்டை தட்டினான். டொம்! டொம்! டொமடொம டொம்! காடே அதிர்ந்தது. கிளிகள் கிறீச்சிட்டுக் குதித்தன. “டொமடொம டொம்! டொமடொம டொம்!” என்று சொல்லிக்கொண்டே நாலு திசையும் பறந்தன. பொழுது சாய்வதற்குள் ஏழு மலையும் அதையே சொன்னது.

மறுநாள் இலவ மரத்தடியில் கூட்டம் தாங்கவில்லை. மான் வந்தது, மந்தி வந்தது, மயில் குடும்பத்தோடு வந்தது. செங்கொண்டை தட்டத் தட்ட எல்லாத் தலைகளும் ஆடின. ஓணான் ஒவ்வொரு தலையாக எண்ணினான்.

“முந்நூறு தலை ஆடிச்சுண்ணே! நாளைக்கு ஆயிரம் ஆடும்!”

முந்நூறு தலை ஆடுவதைப் பார்த்தால் யாருக்குத்தான் தன் தலை நிற்கும்? செங்கொண்டைக்கு நிற்கவில்லை. கொண்டையை நாளுக்கு மூன்று முறை கோதிக்கொண்டான்.

ஆனால் மூன்றாம் நாள் மந்தி முகம் சுளித்தது. “இதைத்தான் நேத்தே கேட்டாச்சே!”

அன்று தலைகீழாகத் தொங்கித் தட்டினான். அதற்கு மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு தட்டினான். அதுவும் பழசானது. வாலால் தட்டிப் பார்த்தான். வால் இறகு இரண்டு உதிர்ந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்குத்தான் ஆயிரம் தலை ஆடியது!

ஆட்டம் முடிந்ததும் மயிலிடம் மெல்லக் கேட்டான். “அக்கா, உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாருக்காச்சும் பொந்து வேணுமா?”

“பொந்தா?” மயில் கழுத்தை நீட்டியது. “அட, நீ அந்த வேலையெல்லாம்கூடச் செய்வியா?”

செங்கொண்டைக்குச் சுருக்கென்றது. புழு தேட நேரமில்லாமல் அவன் ஈர்க்குச்சியாக இளைத்திருந்தான். ஓணானோ சுரைக்காயாக உப்பியிருந்தான். அது எப்படி? கூட்டம் வந்தால் ஈ வரும். ஈ வந்தால் ஓணானுக்கு விருந்து. தலையை எண்ணியது வாய். ஈயைப் பிடித்தது நாக்கு. எந்தக் காலத்திலும் கூட்டத்தைக் கூட்டிக் கொடுப்பவன் பட்டினி கிடந்ததில்லை.

மஞ்சமூக்கி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள். மூன்றாம் முறை கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக மேலே வந்தாள்.

“அண்ணே, என் பொந்து பாதியில நிக்குது! மேகம் கறுத்துருச்சு. நான் முட்டையை எங்க வைக்கிறது? உங்க கொண்டையிலயா?”

கீழே சிரிப்பு எழுந்தது.

“நாளைக்கு முடிச்சுத் தர்றேம்மா,” என்றான் செங்கொண்டை.

“போன வாரமும் இதே நாளைதான்!”

ஓணான் குறுக்கே வந்தான். “எதுக்கும்மா அவ்வளவு தூரம்? இந்த இலவ மரத்துலயே ஒண்ணு போட்டுத் தருவாரு. அரை நாள் போதும். நாங்களும் பார்த்த மாதிரி இருக்கும்!”

“போடு! போடு!” என்று கூட்டம் கத்தியது.

செங்கொண்டையின் அலகு கூசியது. உளுத்த மரத்தில் பொந்து வெட்டக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் ஆயிரம் தலைகள் அவனையே பார்த்தன. அவன் கொத்தத் தொடங்கினான்.

“நீ அதுல எதை வேணும்னாலும் வை. என் முட்டையை வைக்க மாட்டேன்!” என்று சொல்லிவிட்டு மஞ்சமூக்கி பறந்து போனாள்.

உளுத்த மரம் வெண்ணெய் போலக் குடைபட்டது. பார்க்க இடமில்லாமல் மந்திகள் கிளைகளில் ஏறின. மயில்கள் அதற்கும் மேலே ஏறின. கிளிகள் உச்சியை மூடிக்கொண்டன. அப்போது மழைக்காற்று ஒரே வீச்சாக வீசியது.

மடார்!

மரம் இடுப்போடு முறிந்து விழுந்தது. மந்திகள் தாவின. மயில்கள் பறந்தன. ஓணான் எப்போதோ பக்கத்து மரத்துக்குத் தாவியிருந்தான். செங்கொண்டை மட்டும் உளுத்தூளுக்குள்ளிருந்து தும்மிக்கொண்டே வெளியே வந்தான்.

“அடிபட்டுச்சா?” என்று ஒருவரும் கேட்கவில்லை. “மடார்! மடார்!” என்று கிளிகள் கூவிக்கொண்டு போயின. ஏழு மலைக்கும் அப்பால் எட்டாம் மலையும் அன்று சிரித்தது. இதுவரை அவன் செய்த எதுவும் அவ்வளவு தூரம் போனதில்லை!

“அண்ணே, பிரமாதம்!” என்று ஓணான் கத்தினான். “இன்னொரு மரம் பார்த்து வச்சிருக்கேன்!”

“நீயே ஏறி விழு, தம்பி. உனக்குத்தான் உடம்பு இருக்கு,” என்றான் செங்கொண்டை.

நொண்டி நொண்டி ஓடைக்கரைக்குப் போனான். மஞ்சமூக்கி பாதிப் பொந்துக்குள் தலையை மட்டும் நுழைத்து, உடம்பு வெளியே நனைய உட்கார்ந்திருந்தாள். அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“செத்துப் போகலையா?”

“இல்லை தாயி.”

“அப்ப எதுக்கு நிக்கிறே? கொத்து!”

கொட்டும் மழையில் மூன்று பகலும் மூன்று இரவும் கொத்தினான். கிளி வரவில்லை, தலை ஆடவில்லை. பொந்து முடிந்த அன்று மஞ்சமூக்கி உள்ளே போய் முட்டையிட்டாள். வெளியே இடி இடித்தது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

மறுநாள் நனைந்த சிறகோடு ஓர் ஆந்தைத் தம்பதி அந்தப் பக்கம் வந்தார்கள். “இந்தப் பொந்தை யாரு வெட்டினது?” என்று கேட்டார்கள்.

“அந்த மடார்க்காரன்தான்,” என்றாள் மஞ்சமூக்கி. “சுத்த முட்டாப்பய. ஆனா பொந்து ஒழுகல.”

அன்றைக்கே ஆந்தைகள் அவனை வேலைக்கு அழைத்தார்கள். ஆந்தைகள் பனங்காடையிடம் சொன்னார்கள். பனங்காடை தன் தங்கையிடம் சொன்னாள். அந்தப் பேச்சு ஓடையைத் தாண்டவில்லை. ஆனாலும் செங்கொண்டை அந்த மழைக்காலத்தில் வயிறாரச் சாப்பிட்டான். அண்ணியின் முகத்தில் விழிக்கவும் இல்லை.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆயிரம் தலையை ஆட்டிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். உன் வேலையால் நனையாமல் இருந்தவர் சொல்லும் ஒரு வார்த்தைதான் உன் தொழிலைத் தாங்கும்.