கயிற்றுக்கு அந்தப் பக்கம்

எங்கள் மடம் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். போகட்டும். கயிறு மட்டும் என்னிடம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கூடத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். சாப்பிடலாம், படுக்கலாம். மத்தியானம் புளிக்குழம்பு வாசனை தெருமுனை வரை போய் ஆளைக் கூட்டி வரும். சாமியின் அறை வாசலில் மட்டும் முழங்கால் உயரத்துக்கு ஒரு தேங்காய்நார்க் கயிறு. சாமி கூப்பிடாமல் அதைத் தாண்டக் கூடாது.

ஒரு நாள் கலியன் தாண்டிவிட்டான். மூன்று நாளாகக் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். விருத்தகிரி அவனை அறைக்குள்ளேயே பிடித்து, துண்டால் கையைக் கட்டிவிட்டார். எங்களில் மூத்த சீடர் அவர். லண்டனில் சட்டம் படித்தவர். மடத்துக்கு எப்படி வந்தார் என்று அவரும் சொன்னதில்லை, சாமியும் சொன்னதில்லை.

சாமி குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தார்.

“என்ன எடுத்தான்?”

“ஒன்றும் எடுக்கவில்லை, சாமி.”

“அப்புறம் எதற்குக் கட்டினாய்?”

“எடுக்கவே வேண்டியதில்லை. நான் படித்த ஆங்கிலேயச் சட்டப்படி, திருடும் எண்ணத்தோடு அனுமதி இல்லாமல் உள்ளே நுழைந்தாலே போதும். குற்றம் அங்கேயே முழுமையாகிவிடும்.”

“இங்கேதான் எல்லாரும் வரலாமே.”

“கூடத்துக்கு வரலாம். அறை வேறு. கட்டடத்தில் ஒரு பகுதி என்றாலும் சட்டத்துக்குப் போதும். இவனைப் போலீசில் கொடுத்துவிடலாம்.”

சாமி கலியனைப் பார்த்தார். “எதுக்குப்பா உள்ளே வந்தே?”

“பொய் சொல்ல மாட்டேன் சாமி. உங்க வெள்ளிப் பாதக்குறடு.”

“அது தகரம் அடிச்சதுடா.”

“அடப் பாவமே! மூணு நாளா பாத்து வச்சேனே.”

நாங்கள் சிரித்துவிட்டோம். அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. விருத்தகிரி சிரிக்கவில்லை.

“எண்ணத்தை அவனே ஒப்புக்கொண்டான்” என்றார்.

“நான் கூப்பிட்டிருந்தால்?”

“அப்போது அத்துமீறல் இல்லை. ஆனால் நீங்கள் கூப்பிடவில்லையே.”

“அவனை வெளியே கொண்டுபோய் நிறுத்து. கயிற்றுக்கு அந்தப் பக்கம்.”

நிறுத்தினார்.

“கலியா, உள்ளே வா” என்றார் சாமி.

கலியன் திருதிருவென்று விழித்தான். விருத்தகிரிக்குக் கோபம் வந்துவிட்டது.

“இது செல்லாது சாமி. நுழைவதற்கு முன்னால் கூப்பிட்டிருக்க வேண்டும். கால் உள்ளே வந்த பிறகு கூப்பிட்டால் சட்டம் ஏற்காது.”

“ஏற்காதா?”

“ஏற்காது.”

சாமி தலையைத் துவட்டியபடியே பின்பக்க ஜன்னலைக் காட்டினார். அதற்குக் கம்பி கிடையாது.

“பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் சுவடிகளைத் தூக்கிப் போக அது வழியாக வந்தாயே. நான் ‘வா’ என்று கூப்பிட்டபோது உன் கால் எந்தப் பக்கம் இருந்தது?”

விருத்தகிரி ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, கலியன் கையிலிருந்த துண்டை அவிழ்த்தார்.