வண்டுகளைப் பறிகொடுத்த மயிலாத்தாள்

ஆய்வுக் கட்டுரைகளில் பேராசிரியரின் பெயர் இருக்கும். இயந்திரம் செய்த நிறுவனத்தின் பெயர்கூட இருக்கும். தென்னையைப் பிளந்து வண்டு பிடித்தவளின் பெயர் மட்டும் இருக்காது. குறுக்கம்பாளையம் தென்னை ஆய்வு நிலையத்தில் அவள் பெயர் மயிலாத்தாள். பதினோரு ஆண்டுகளாகத் தற்காலிகப் பணியாளர். கட்டுரை ஒன்றின் ஆசிரியர் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் வேலை நிரந்தரம் என்பது அங்கே விதி.

தென்னையைக் குடையும் சிவப்புக் கூன்வண்டின் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை முழுமையாக வரிசைப்படுத்தும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அதன் கடைசி வரி: ‘இது தாய்வழியே மட்டும் வருவது, தந்தைக்கு இதில் பங்கில்லை.’

இயக்குநர் தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றினார். “இருதயராஜ், உமக்கு எத்தனை பிள்ளைங்க?”

“ரெண்டு சார்.”

“பட்டாபிராமன்?”

“மூணு சார்.”

“எனக்கு ஒண்ணு. ஆக, மூணு பேருமே தகப்பன்மார். வெளியே வாங்கய்யா, கலந்துடப் போகுது.”

மூன்று முனைவர்களும் வராந்தாவில் நாற்காலி போட்டு அமர்ந்தார்கள். உள்ளே இருக்கத் தகுதி பெற்ற ஒரே தாய் மயிலாத்தாள். நூற்று இருபத்திரண்டு வண்டுகளைக் குருத்து ஊட்டி அவளே வளர்த்தாள், அவளே அரைத்தாள், அவளே இயந்திரத்தில் ஏற்றினாள். ஜன்னல் வழியே அறிவுரை மட்டும் தாராளமாக வந்தது.

வரிசையின் பதினாறாயிரம் எழுத்துகளும் வந்து சேர்ந்தன. மரபணு வட்டமாக இருந்தது. “முடிவு வரைக்கும் படிச்சுச் சரிபாரும்” என்றார் இயக்குநர். பட்டாபிராமன் படித்தார். நான்காம் நாள் அவருக்குக் குரல் கட்டியது.

“அஞ்சாவது சுத்து வந்துட்டீங்க சார், எறங்குங்க” என்றாள் மயிலாத்தாள்.

பிறகு கட்டுரையோடு சேர்க்க வேண்டிய படிவத்தை நிரப்பினார்கள். அதில் ‘தாய்’ என்றொரு கட்டம் காலியாக இருந்தது.

“வண்டுக்குச் சோறு போட்டது யாரு?”

“மயிலாத்தா சார்.”

“ராத்தங்க எடம் குடுத்தது?”

“அதுவும் மயிலாத்தாதான்.”

“அப்புறம் என்னய்யா யோசனை? எழுதும்.”

மயிலாத்தாள் வாசலில் வந்து நின்றாள். “ஏனுங் சார், இந்தவாட்டியாச்சும் கட்டுரையில எம்பேரு வருங்களா?”

“வந்தாச்சும்மா. வண்டோட தாயா.”

“ஆசிரியருன்னு?”

இயக்குநர் வருந்தினார். “அது மட்டும் கூடாதும்மா. பெத்தவளே பிள்ளையைப் பத்தி எழுதினா நடுநிலை கெட்டுடும். விதி.”

மயிலாத்தாள் மூவரையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள். “சரிங். பெத்த புள்ள செத்தா சம்பளத்தோட எத்தன நாளுங் லீவு?”

“மூணு நாள். தற்காலிகமானாலும் துக்கம் துக்கம்தானேம்மா.”

“எனக்கு நூத்தி இருவத்திரெண்டு போயிருச்சுங்.”

இருதயராஜ் கைக்குட்டையை எடுத்தார். பட்டாபிராமன் தழுதழுத்தபடியே பெருக்கிப் பார்த்தார்: முந்நூற்று அறுபத்தாறு நாள்.

மயிலாத்தாளின் வேலை நிரந்தரமாகவில்லை. ஓராண்டும் ஒரு நாளும் முழுச் சம்பளத்தோடு வீட்டில் இருந்தாள். வருடத் திதியன்று மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் வீட்டுக்குள் வந்து, ஒரு கூடை தென்னங்குருத்தைப் படைத்துக் கண்ணை மூடி நின்றார்கள். போனவர்கள் விரும்பிச் சாப்பிட்டதாம்.