மணி பிளான்ட் வைத்த தொட்டி

“செடி வச்ச நாளிலேருந்து அது கீழே இறங்கவே மாட்டேங்குது, டீச்சர். ஒன்பது நாளாச்சு.”

பரமானந்தம் கண்ணாடித் தொட்டியை மேசைமேல் வைத்தார். பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். ஸ்டெல்லா டீச்சருக்கு அவர் வயதில் பாதிகூட இல்லை. ஆனால் அவள் வீட்டு மாடியில் முப்பது டரான்டுலா சிலந்திகள் இருந்தன. அந்த விஷயத்தில் அவள் குரு, அவர் சீடர்.

டீச்சர் குனிந்து பார்த்தாள்.

உயரமான தொட்டி. உள்ளே மணி பிளான்ட் தளதளவென்று படர்ந்திருந்தது. சிலந்தி உச்சியில், எட்டுக் காலாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒட்டியிருந்தது.

சிலந்தி அவருடையதல்ல. மகன் சேந்தன் ஆசையாக வளர்த்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தனிக்குடித்தனம் போனவன், வாடகை வீட்டுக்காரர் சிலந்தியைச் சேர்க்கமாட்டேன் என்றதால் விட்டுவிட்டுப் போனான். இப்போது வேறு வீடு. ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போக வருகிறான்.

“அவன் வச்சிருந்தது என்ன? பிளாஸ்டிக் டப்பா, கொஞ்சம் மண்ணு, ஒரு உடைஞ்ச ஓடு. நான் தோட்டமே போட்டுக் கொடுத்திருக்கேன். வந்து பார்த்துத் தலை குனியட்டும்.”

இது தரையில் கிடக்கிற ஜாதி, உடம்பு கனம் என்றாள் டீச்சர். இந்த உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு வெடித்துச் செத்துப்போகும்.

பரமானந்தம் தொட்டியை மேசை விளிம்பிலிருந்து மெல்ல உள்ளே நகர்த்தி வைத்தார். செத்ததை அவன் கையில் எப்படிக் கொடுப்பது? ஒரு பூச்சியைக்கூடக் காப்பாற்றத் தெரியவில்லை என்று அவன் வாயால் கேட்கவா?

“தண்ணி எவ்வளவு ஊத்துறீங்க, சார்?”

“தினம் ஒரு சொம்பு. இல்லேன்னா செடி வாடிடுமே.”

டீச்சர் கண்ணாடி வழியே மண்ணைப் பார்த்தாள். அவர் பேசிக்கொண்டே போனார். சிலந்திக்கும் நன்றி இல்லை, அதை வளர்த்தவனுக்கும் நன்றி இல்லை என்றார். மகனுக்கு மாடி எடுத்துக் கொடுத்தாராம். அவன் சாப்பிட உட்காரும்போது தினமும் நாலு புத்தி சொன்னாராம். அதற்குக் கோபித்துக்கொண்டு போய்விட்டானாம்.

டீச்சர் எழுந்தாள். மெத்தை வைத்த நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள்.

“உட்காருங்க, சார்.”

அவர் நின்றார்.

டீ வந்தது. நின்றபடியே குடித்தார். டீச்சர் பரீட்சைத் தாள்களைத் திருத்த உட்கார்ந்துவிட்டாள். இதென்ன மரியாதை என்று நினைத்தார். ஆனால் சிலந்தி இன்னும் உச்சியில் இருந்தது. போக முடியவில்லை.

இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்தே வேலை பார்த்த கால். கால் மணி நேரத்தில் கடுக்க ஆரம்பித்தது. ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். பிறகு இரண்டு கையாலும்.

“வேற நாற்காலி இல்லையா?”

“சிலந்திக்கும் வேற தரை இல்லை, சார்.”

பரமானந்தம் தொட்டியைப் பார்த்தார். மண் ஈரத்தில் கறுத்துக் கிடந்தது.

ஒரு கையை நீட்டி நாற்காலி மெத்தையைத் தொட்டார்.

“போறதுக்கு முந்தின ஒரு மாசம், சேந்தன் சமையல்கட்டுல நின்னுக்கிட்டேதான் சாப்பிட்டான்,” என்றார். “திமிருன்னு நினைச்சேன்.”

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடினாள். காய்ந்த மண் போட்ட தாழ்வான டப்பா ஒன்றைக் கொண்டுவந்தாள். சிலந்தியின் அடியில் ஒரு டம்ளரைப் பிடித்து, தூரிகையால் மெல்லத் தள்ளி இறக்கி, டப்பாவில் விட்டாள்.

அது ஒரு காலை மண்ணில் வைத்துப் பார்த்தது. அப்புறம் எட்டையும் வைத்தது.

டீச்சர் தொட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“செடி நல்லா வந்திருக்கு, சார். நீங்க வச்சுக்குங்க.”