வைத்தியர் விழுங்காத லேகியம்

மருதங்குளம் ஜமீன்தார் ஒருநாள் காலையில் ரத்த வாந்தி எடுத்தார். அரண்மனை வைத்தியர் பரமேசுவரனார், நாடி பிடிக்கும் முன்பே நோயைச் சொல்லிவிடுகிற மகாபண்டிதர். "சாப்பாட்டில் விஷம்" என்று கையைக் கழுவிவிட்டார்.

சமையல்காரி மூக்காயியை இழுத்து வந்தார்கள். "நீ விஷம் வைக்கலைன்னு இப்பவே நிரூபி. இல்லைன்னா தலை தப்பாது" என்றார் ஜமீன்தார்.

"சாமி, நீங்க சாப்பிடுற எதையும் நான் முதல்ல தின்னு காட்டணும்னு இங்கே வழக்கம். நேத்தும் உங்க கண்ணு முன்னாலதான் தின்னேன், நல்லாத்தான் இருக்கேன். நான் ருசி பாக்காம உள்ளே போனது ஒண்ணுதான், வைத்தியரய்யா தினமும் குடுக்கிற பசி லேகியம். அதையும் குடுங்க, தின்னு காட்டுறேன்."

"ராஜாக்கள் உண்ணும் மருந்து அது. உன் எச்சில் படலாமா?" என்று சீறினார் வைத்தியர்.

"அப்ப வேணாம் சாமி. கிண்டினவங்களே ஒரு உருண்டை தின்னட்டும்."

ஜமீன்தார் லேகியச் சாடியை நீட்டினார். வைத்தியர் இரண்டடி பின்வாங்கினார்.

"வேண்டாம் எசமான், என் குடல் புண்ணாகிவிடும்" என்று உளறிவிட்டார்.

லேகியத்தை நிறுத்தியதும் ரத்தம் நின்றது. அதன்பிறகு அரண்மனையில் மருந்துக்கும் ருசி பார்க்க ஆள் போட்டார்கள். அந்த வேலை வைத்தியருக்கே கிடைத்தது. அன்றிலிருந்து அவர் கிண்டிய லேகியமெல்லாம் வெறும் தேனும் நெய்யுமாகவே இருந்தது.