மிதிக்காமல் விட்ட இடம்

தாழங்காட்டில் மழைக்காலம் வந்தால் வெள்ளமும் வரும். தப்பிக்க ஒரே இடம் கரட்டுமேடு. இடையில் பெரிய சேற்று நிலம். அதைத் தாண்ட முடியாமல் வருடா வருடம் சில விலங்குகள் செத்தன.

இந்த வருடம் சேற்றின் குறுக்கே பாதை போடுவது என்று எல்லாம் கூடி முடிவு செய்தன. வேலையை நடத்தும் பொறுப்பை நரி கேட்டு வாங்கிக்கொண்டது.

நரி குச்சி நட்டு வழியைக் குறித்தது. காட்டுப்பன்றி சேற்றை வாரிப் போட்டு, கெட்டி மண் தட்டுப்படும்வரை தோண்டியது. எருமைகள் பெரிய கற்களை உருட்டிவந்து பரப்பின. குரங்குகள் சின்னக் கற்களால் இடுக்குகளை நிரப்பின. ஒவ்வோர் அடுக்கையும் யானை தண்ணீர் தெளித்து மிதித்தது. கால் பதியாத அளவுக்கு இறுகிய பிறகுதான் அடுத்த அடுக்கு. கடைசியில் மேலே செம்மண்.

இரண்டு பக்கமும் முடிந்து, நடுவில் கொஞ்ச தூரம் பாக்கி இருந்தது. அங்கே சேறு ஆழம். பன்றி எவ்வளவு தோண்டியும் கெட்டி மண் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து, புலி ராஜா மறுநாள் பாதையைத் திறக்க வருகிறார் என்று சேதி வந்தது. நரி வேலை நடக்கும் இடத்துக்கு ஓடிவந்தது.

"தோண்டினது போதும். சேத்து மேலயே செம்மண்ணைக் கொட்டுங்க. பார்க்கிறதுக்கு எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும்" என்றது.

"நான் மிதிச்சுப் பார்க்கணுமே" என்றது யானை.

"நீங்க மிதிச்சா உள்ள போயிடும் அண்ணே. அதனாலதான் மிதிக்க வேண்டாங்கிறேன்!"

யானை பன்றியைப் பார்த்தது. பன்றி எருமையைப் பார்த்தது. ராஜா வரும் நேரத்தில் வம்பு எதற்கு என்று எல்லாம் வாயை மூடிக்கொண்டன. இதை நினைத்தால்தான் கதை சொல்லும் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

புலி வந்தது. கரையில் நின்றபடியே பாதையைப் பார்த்தது. "பிரமாதம்" என்று நரிக்கு மாலை போட்டுவிட்டுத் திரும்பியது. பாதையில் ஓர் அடிகூட வைக்கவில்லை.

சில நாளில் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளம் ஏறியது. மனைவியையும் குட்டிகளையும் பின்னால் வரச் சொல்லிவிட்டு, மேட்டில் ஈரமில்லாத வளை ஒன்று பிடித்து வைக்க நரி முந்திக்கொண்டு ஓடியது. முயல்களும் மான்களும் கடந்தன. யானை நடுப்பகுதியை நம்பாமல் பாதையின் ஓரத்துச் சேற்றிலேயே தட்டுத்தடுமாறி மேட்டுக்கு வந்து சேர்ந்தது. மான்கள் கடந்ததை நம்பி அடுத்து எருமைகள் கிளம்பின. முதல் எருமை நடுப்பகுதியில் கால் வைத்ததும் செம்மண் அப்படியே உள்வாங்கியது. எருமை மூழ்கியது. பாதை அறுந்தது.

அறுந்த இடத்துக்கு அந்தப் பக்கம் நரியின் மனைவி குட்டிகளோடு நின்றாள்.

"ஏங்க, இங்க அடியில கல்லே இல்லீங்களே! எப்படிங்க வர்றது?" என்று கத்தினாள்.

நரி யானையிடம் ஓடியது.

"அண்ணே, எப்படியாவது கூட்டிட்டு வாங்க" என்று யானையின் காலைப் பிடித்தது.

யானை மறுபடி இறங்கியது. வெள்ளத்தின் இழுப்பில் நிற்கவே முடியவில்லை. கரையேறி வந்து தலையைத் தொங்கப்போட்டது.

விடிந்தபோது அந்தப் பக்கம் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

அடித்தளம் சரியில்லை என்று தெரிந்தும் பூசி மறைப்பவனும், பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவனும் சேர்ந்துதான் மற்றவர்களின் உயிரைப் பறிக்கிறார்கள்.