கோரைக்குச் சொன்ன சொல்

புல் பூண்டுகளும் வாய்திறந்து பேசிய அந்தக் காலத்தில், கோரைக்கு ஊருக்குள் வேலையே இல்லை. குளத்தங்கரையில் ஈரம் குடித்துக்கொண்டு, கொக்குகளோடு வம்பளந்துகொண்டு கிடந்தது. ஒரு கோடையில் குளம் அடிமண்வரை வெடித்தது. கோரை தன் வேரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஊருக்குள் நடந்து வந்து, பேராச்சியின் வீட்டு வாசலில் நின்றது.

பேராச்சி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய நீர் ஓடித் தேங்கும் மூலையைக் கோரை பார்த்தது. அந்த அழுக்குத் தண்ணீர் போதும், மழை விழுந்ததும் கிளம்பிவிடுகிறேன் என்றது. தாகத்தோடு வந்து நிற்பதை எப்படித் துரத்துவது? இருந்துகொள் என்றாள்.

மழை விழுந்தது. குளமும் நிறைந்தது. கோரை கிளம்பவில்லை. கேட்கும்போதெல்லாம் நாளைக்கு என்றது. அதையும் மரியாதையாகவே சொன்னது. மண்ணுக்கு மேலே ஒடுங்கி, இருக்கிற இடம் தெரியாமல்தான் இருந்தது. மண்ணுக்குக் கீழே கிழங்கு விட்டு, கிழங்கிலிருந்து நூல் விட்டு, நூலின் முனையில் இன்னொரு கிழங்கைக் கோத்து, இருட்டிலேயே நடந்தது. கீரைப் பாத்தி முதலில் போயிற்று. பிறகு சுவரடி. ஒரு காலையில் பேராச்சி உள் அறையில் கால்வைத்தபோது, மெழுகிய தரையைத் துளைத்து நின்ற பச்சை முனை ஒன்று அவள் பாதத்தைக் குத்தியது.

அவள் உட்கார்ந்துவிட்டாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் கோமு அந்த அறையில்தான் பிள்ளை பெற வேண்டும். வீட்டில் இருப்பதே அந்த ஓர் அறை. நிறைமாதம் வேறு.

அவள் புருஷன் மாசானம் மண்வெட்டியை எடுத்தான். கண்ட கிழங்கையெல்லாம் நறுக்கினான். நறுக்கியது அத்தனையும் முளைத்தது. வாசலில் தீ வைத்தான். சாம்பலுக்குள்ளிருந்து முதலில் எட்டிப்பார்த்ததும் கோரைதான். ஆட்டைக் கூப்பிட்டார்கள். அது மேலாக மேய்ந்துவிட்டு, அடியில் இருப்பதற்கு நான் பொறுப்பில்லை என்று அசைபோட்டது. பன்றி வந்து மோந்து பார்த்தது. ஒரு கிழங்கு விடாமல் தின்கிறேன், ஆனால் வீட்டையும் சேர்த்துத்தான் கிண்டுவேன், சம்மதமா என்று கேட்டது. மாசானம் அதைக் கல்லால் எறிந்து விரட்டினான்.

கடைசியில் பேராச்சி கோரையின் எதிரிலேயே போய் உட்கார்ந்தாள். திட்டுவதற்குத்தான் போனாள். ஆனால் உட்கார்ந்ததும் மகளைப் பற்றித்தான் பேச வந்தது. அந்தத் தரையில் பிள்ளை விழ வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

கோரை தன் தாளை அவள் பக்கம் சாய்த்தது.

"மதினி, நான் உன் சொல்லால வந்தேன். மம்பட்டியால போக மாட்டேன்" என்றது. "வாசல்ல நின்னு, போன்னு ஒரு வார்த்தை சொல்லு. அது போதும். நீ என்ன சொல்லுதியோ அப்படியே கேப்பேன். கூடவும் செய்ய மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்."

மறுநாள் விடிந்தபோது கோரை தயாராக நின்றது. மண்ணுக்குள் ஓடிய நூலையெல்லாம் இழுத்துச் சுருட்டி, கிழங்குகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வாசற்படிக்கு வெளியே நின்றது. பேராச்சி அந்தப் பொழுதிலேயே அறையைக் கொத்திச் சமன்செய்து மெழுகி முடித்திருந்தாள். கோமுவை அதில் படுக்க வைத்தாயிற்று. வலியில் அவள் முதல்முறையாக முனகியது வாசல்வரை கேட்டது.

"சொல்லுட்டி" என்றான் மாசானம். "அது நிக்குல்லா."

பேராச்சி வாயைத் திறந்தாள்.

அந்தச் சீமையில் யாரும் யாரையும் வாசலில் வைத்துப் போ என்று சொன்னதில்லை. சண்டை போட்டுவிட்டுக் கிளம்புகிறவனுக்கும் போயிட்டு வா என்றுதான் சொல்வார்கள். கிளம்புகிறவனும் வாறேன் என்பானே தவிர, போறேன் என்று சொல்ல மாட்டான். போ என்ற சொல் பாடையில் போகிறவருக்கு உரியது. பேராச்சியும் அதை ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறாள், மூத்த மகனின் பாடை அந்தப் படியை விட்டு இறங்கியபோது. போ ராசா என்று. உள்ளே ஓர் உயிர் வந்துகொண்டிருக்கிறது. அதே படியில் நின்று, அதே சொல்லையா?

"போ..." என்றாள். மிச்சத்தை நாக்கு தானாகச் சொல்லி முடித்தது. "போயிட்டு வா."

மாசானம் தலையில் அடித்துக்கொண்டான். கோரைகூட அதை எதிர்பார்க்கவில்லை. மூட்டையோடு சற்று நின்று, அவள் முகத்தையே பார்த்தது.

"சரி மதினி, வாறேன்" என்று சொல்லி நடந்துவிட்டது.

வெடிப்பில்லாத தரையில் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. அடுத்த மழை விழுந்ததும் கோரையும் வந்தது. மண்வெட்டியோடு ஓடி வந்த பேராச்சியிடம் ஒரு கிழங்கை நீட்டியது. "பச்சப்பிள்ள இருக்க வீட்டுக்கு வெறுங்கையோட வரலாமா?"

அதுவரை கோரைக் கிழங்குக்குச் சேற்று வாடை மட்டும்தான். எந்த மண்ணில் அலைந்து எதை வாங்கி வந்ததோ, பேராச்சி நகத்தால் தோலைக் கீறியதும் கை மணத்தது. அவள் அதைக் காயவைத்து, பயற்றோடு இடித்து, பேத்தியைக் குளிப்பாட்டினாள். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வந்து, கோரையைப் பிடுங்கத் தொடங்கினாள். சாகும்வரை பிடுங்கினாள்.

கோரையைப் பிடித்து இழுத்தால் தாள் மட்டும் பணிவாகக் கையோடு வருவதும், கிழங்கு மண்ணுக்குள் நின்றுகொண்டு அடுத்த ஈரத்தில் தலைநீட்டுவதும், குளியல் பொடியில் அது மணப்பதும் அப்போதிலிருந்துதான். அதற்குப்பின் எத்தனையோ பேர் எத்தனையோ வாசல்களில் அதைத் திட்டித் திட்டிப் பிடுங்கியாயிற்று, பேராச்சி சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல்லைச் சொல்ல மட்டும் யாருக்கும் இன்னும் வாய் வரவில்லை.